இரண்டு லட்சம் வினாடி

செப்டம்பர் 15, திங்கள்

கேன்கள் வந்துவிட்டன. இருபது லிட்டர் கேன் இரண்டு, வாயில் சிவப்பு சீல். கூரியர்காரர், "என்னம்மா, தண்ணியக்கூட வெளிநாட்டுல இருந்தா வரவழைக்கிய?" என்று சிரித்தார். ஆமாம், தண்ணீர்தான். ஒரே தொட்டியிலிருந்து மொண்டு முப்பத்தொரு ஆய்வகங்களுக்கு அனுப்பிய கடல்நீர். அதில் கதிரியக்க சீசியம் எவ்வளவு இருக்கிறது என்பது அனுப்பியவர்களுக்கு மட்டும் தெரியும். நாங்கள் அளந்து சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தேர்ச்சி.

மூன்று வருடத்துக்கு முன் இதே தேர்வில் எங்கள் ஆழிக்குடி ஆய்வகம் தோற்றது. நாங்கள் சொன்ன எண் கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து நம் கடற்கரைத் தண்ணீரை அளக்கும் உரிமை நமக்கு இல்லை. மாதா மாதம் கேன்களை ரயிலில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். என் மேசையில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தால் கடல். அந்தக் கடலில் என்ன இருக்கிறது என்பதை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள் எனக்குச் சொல்கிறார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இந்த முறை தேறினால் நம் கடல் நம் கைக்கு வரும்.

தோற்றதற்கு என் வேதியியல் காரணமில்லை. விசாரணையிலேயே அது முடிவாகிவிட்டது. தண்ணீரிலிருந்து சீசியத்தைப் பிரித்து ஒரு டப்பியில் போட்டுக் கொடுப்பது வரை என் வேலை. அதைக் கருவியில் எண்ணிக் கணக்குப் போடுவது அருமைராஜ் சார். அவர் கணக்கில்தான் பிழை என்று எழுதி, பதவி உயர்வையும் நிறுத்திவைத்தார்கள். நான் அவரைக் குத்திக்காட்டுவதே இல்லை. எப்போதாவது தவிர.

செப்டம்பர் 17, புதன்

வேலை தொடங்கியது. முதல் கேனை வாளியில் ஊற்றி நைட்ரிக் அமிலம் சேர்த்தேன். பிறகு மஞ்சள் தூள். ஆய்வகத்தில் எல்லோரும் மஞ்சப்பொடி என்பார்கள். சமையலறை மஞ்சள் இல்லை, மாலிப்டினம் கலந்த உப்பு. கடலில் இருக்கும் ஆயிரம் சரக்கில் சீசியத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு, மூடிவைத்து, நாளை தெளிந்த தண்ணீரை வடித்தால் அடியில் தூள் தங்கியிருக்கும்.

ஒரு லிட்டரில் ஒரு சீசிய அணு உடைவதைப் பார்க்க பத்து, இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு சொற்பம். அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனைகளில் பறந்தது இன்னும் உலகத்துக் கடல்களிலெல்லாம் இருக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாத அளவு. பின் எதற்கு அளக்கிறீர்கள் என்று வீட்டில் இவர் கேட்பார். என்றாவது கூடினால் கூடிவிட்டது என்று சொல்ல, கூடாத நாளின் எண் கையில் இருக்க வேண்டாமா?

இருபத்திரண்டு வருடமாகக் கலக்குகிறேன். ஒரு துளி வெளியே சிந்தியதில்லை.

செப்டம்பர் 20, சனி

மிக்ஸி ஜார் ரிப்பேர். தேங்காயை அம்மியில் அரைத்தேன். தோள் வலி.

செப்டம்பர் 22, திங்கள்

அருமைராஜ் சார் கருவியை வெறுமனே ஓட்டிப் பார்த்து முடித்தார். எதையும் வைக்காதபோது கருவி என்ன காட்டுகிறதோ, அதைப் பிறகு கழிக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஈயச் சுவருக்குள் இருக்கிற கருவிக்கு வெளியுலகம் கிட்டத்தட்ட தெரியாது. ஈயக் கூண்டு என்பது அதன் செல்லப் பெயர். இந்த மனிதர் அதற்குள் தும்மக்கூடப் பயப்படுவார்.

"சுத்தமா இருக்கு மேடம்" என்று காகிதத்தை என் மேசையில் வைத்தார்.

"போன தடவையும் சுத்தமாத்தான் இருந்துச்சு, சார்."

தன் இடத்துக்குப் போய்விட்டார். எப்போதாவது தவிர என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இரண்டு கேனும் முடிந்தது. தூளை வடிகட்டி, மூன்று முறை கழுவி, விளக்கடியில் உலர்த்தி, தட்டையான டப்பி இரண்டில் அடைத்தேன். தேர்ந்த கொத்தனார் பூசிய தரை மாதிரி ஒரே சமம். கடலில் பொட்டாசியம் மலை மாதிரி இருக்கும். அது தூளில் தங்காமல் கழுவிப் போக வேண்டும். என் கையில் தங்கியதே இல்லை. இயக்குநர் சாருமதி மேடம் வந்து பார்த்துவிட்டு, "உலகம்மா, இதைப் போட்டோ எடுத்து டிரெயினிங்ல காட்டணும்" என்றார். எடுத்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இவர் சஷ்டிக்கு முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். கொம்பையா என்று பெயர் வைத்திருந்தாலும் பேச்சில் வம்பு கிடையாது. முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து பேச்சையே நேரம் பார்த்துத்தான் பேசுவார். ஒரு விபூதிப் பொட்டலத்தை நீட்டி, "ஒம் பரீட்சைக்குன்னு தனியா வாங்கினேன்" என்றார்.

கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை இன்றே வைத்துவிட்டோம். தராசுக்கு, உலைக்கு, கணினிக்கு எல்லாம் பொட்டு. ஈயக் கூண்டின் கதவில் வெளிப்பக்கம் மட்டும் சந்தனம். உள்ளே ஒரு பூவிதழ்கூடப் போகக் கூடாது என்று காவல் நிற்பதே நான்தான். பொரி, கடலை, வாழைப்பழம். அருமைராஜ் சார் எல்லா வருடமும் போல ஓரமாக நின்று இரண்டு கையிலும் பொரி வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் கீழே போன பிறகு முதல் டப்பியைக் கூண்டுக்குள் நானே வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டு லட்சம் வினாடி ஓட வேண்டும். இரண்டு நாளும் கொஞ்சமும். வேறு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் டப்பி: லிட்டருக்கு 2.71 மில்லி பெக்கரல் கதிரியக்கம். இரண்டாவதை வைத்தாயிற்று.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாவது டப்பி: 2.68!

இரண்டு கேன், இரண்டு தனித்தனி வேலை, ஒரே எண். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றேன். போதும், இனி ரயிலில் கேன் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தேன். அப்போது அருமைராஜ் சார் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? பொட்டாசியம் கூடுதலா நிக்கிது. ரெண்டு படத்துலயும்."

"அதுக்கு?"

"கழுவுனதுல தங்கியிருக்குமோன்னு..."

"சார். நான் கழுவுனதுலயா?"

"சொல்லக்கூடாதுதான். ஆனா மேடு தெரியுதுல்லா? பாருங்க."

பார்த்தேன். கருவி திரையில் வரைந்த கோட்டுப்படத்தில் வலது ஓரத்தில், பொட்டாசியத்தின் இடத்தில், இருக்க வேண்டியதைவிட உயரமாக ஒரு மேடு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூணு தடவை கழுவியிருக்கேன். நீங்க ஒங்க கணக்கை மூணு தடவை பாருங்க. போன தடவையும் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றேன். பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஆனாலும் என் கையைப் பற்றி அவர் பேசலாமா?

அக்டோபர் 8, புதன்

எண்ணை அனுப்பிவிட்டோம். 2.7. மாத முடிவுக்குள் தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை திருத்தலாமாம், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு. திருத்துகிறவர்கள் திருத்தட்டும்.

அருமைராஜ் சார் கூண்டை இன்னொரு தடவை வெறுமனே ஓட்ட அனுமதி கேட்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஒரு லட்சம் வினாடி. ஓட்டட்டும், எனக்கென்ன.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று மீன் சாம்பல். சாளை மூன்று கிலோ, உலையில் போட்டு ஒன்றரை நாள் எரித்தது. மூன்று கிலோ மீனில் இருக்கிற சீசியம் எல்லாம் ஒரு கைப்பிடிச் சாம்பலில் வந்து உட்கார்ந்துவிடும், அளக்க வசதி. கிண்ணத்தை வெளியே எடுத்து ஆறவைத்தேன். வெள்ளை வெளேரென்று மிருதுவாக இருந்தது. விரலில் ஒட்டியதைத் தட்டிவிட்டேன்.

பிறகு வேலை ஓடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

பூஜையன்று டப்பியை வைப்பதற்கு முன் விபூதிப் பொட்டலத்தைக் கூண்டுக்குள் வைத்தேன். கருவிக்கு அடியில், தாங்கிக்கும் ஈயத்துக்கும் இடையில். யாரும் பார்க்கவில்லை. பயம்தான் காரணம். இந்த முறையும் தோற்றால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

பூவிதழ் போகாமல் காவல் நின்றவள். மீனை, பாசியை, மண்ணை, இலையை எத்தனை ஆயிரம் தடவை சாம்பலாக்கி அளந்திருப்பேன்! சாம்பல் என்றால் பொட்டாசியம், எந்தப் புல்லை எரித்தாலும். கூடவே அந்தப் புல் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட துளி சீசியமும் சேர்ந்து திரண்டிருக்கும். முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விபூதியைச் சாம்பலாக நான் நினைத்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. தினமும் நெற்றியில் பூசுகிறேன்.

மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டலத்தை வெளியே எடுத்து, என் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டு வந்தேன். அருமைராஜ் சார் நாலு மணிக்கு வந்து வெறும் கூண்டை ஓட்டுவார். சுத்தமாக இருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

சுத்தமாக இருந்தது.

சாருமதி மேடம் இருவரையும் கூப்பிட்டார். "கூண்டு சுத்தம். உலகம்மா கழுவுறதுல தப்பு வராது, அது ஊருக்கே தெரியும். அப்ப மிச்சம் உங்க கணக்குதான் அருமைராஜ். இன்னொரு தடவை இந்த ஆபீஸ் தாங்காது."

அவர் வாதாடவில்லை. "சரி மேடம், பாக்குதேன்" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே தெரியும் என்ற சொல் காதில் நாராசமாக இருந்தது.

வராந்தாவில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மூணு வருசத்துக்கு முன்னாலயும் இதே மாதிரி பொட்டாசியம் தூக்கலாத்தான் இருந்துச்சு மேடம். அன்னைக்கும் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் பிடிபடல."

அக்டோபர் 14, செவ்வாய்

பீரோவிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், என் கையெழுத்தில்: "பரீட்சை டப்பியை வைத்தாயிற்று. துணைக்கு முருகனையும் வைத்திருக்கிறேன்." பிறகு இரண்டு வாரம் கழித்து: "வேலை முடிந்தது. பொட்டலத்தை எடுத்து வீட்டுச் சாமி அறையில் வைத்தேன்."

சந்தோஷமாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பூ வேறு வரைந்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் பழைய ஃபைலை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே மேடு. அவர் கணக்கில் பிழையே இல்லை. தோற்றது என்னால். மூன்று வருடமாக நம் கடல் ரயிலில் போனது என்னால். அவருடைய பதவி உயர்வு நின்றதும்.

அக்டோபர் 15, புதன்

லீவு. துணிமணி துவைத்தேன், பரணை ஒதுக்கினேன், தீபாவளிக்கு மாவு திரித்தேன். எதையாவது செய்துகொண்டே இருந்ததைப் பார்த்து இவர் கேட்டுவிட்டார். சொன்னேன்.

மாவு டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "சாம்பல்தானளா அது. கடைசியில சாம்பல்தான்னு ஞாபகம் இருக்கட்டும்னுதான பூசுதோம்" என்றார்.

"அதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. நான் பஸ்ஸுக்கு டைம் போட்டவன்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "வெளியே சொன்னா என் பேரு போயிரும்" என்றேன். என் பெயர் போகும் என்று நான் பயப்படுகிறேன். அந்த மனிதர் பெயர் போய் மூன்று வருடம் ஆகிறது.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் முதல் ஆளாகப் போனேன். பொட்டலத்தை எடை போட்டு, டப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி, முறையாகப் பதிவேட்டில் எழுதி, கூண்டுக்குள் வைத்தேன். எந்தச் சரக்கானாலும் அளந்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அருமைராஜ் சார் வந்து பதிவேட்டைப் பார்த்தார். "என்ன மேடம் இது? விபூதின்னு எழுதியிருக்கிய?"

"நீங்க தேடுன பொட்டாசியம், சார்."

புரியாமல் பார்த்தார்.

"கருவிக்கு அடியில இருந்துச்சு. நான்தான் வச்சேன். நீங்க ஓட்டுறதுக்கு முந்தி நான்தான் எடுத்தேன். மூணு வருசத்துக்கு முன்னாலயும் நான்தான் வச்சேன். அன்னைக்கும் உங்க கணக்கு சரி."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருசம், மேடம்" என்றார்.

எழுந்து போய்விட்டார். டிபன் பாக்ஸ் மேசையிலேயே இருந்தது. சாயங்காலம் வரை வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வந்தார். கையில் நாலு தடி நோட்டு. என் மேசையில் வைத்தார்.

"அந்தக் கணக்கை அறுபத்தொரு தடவை போட்டிருக்கேன். வீட்டுல வச்சு. எந்த வரியில தப்பு பண்ணினேன்னு கண்டுபிடிக்க முடியாம, கடைசியில நான்தான் தப்புன்னு நானே நம்பிட்டேன். எம் பொண்டாட்டி ஒரு நா கேட்டா, நெசமா நீங்கதான் பண்ணினீங்களான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. ஒவ்வொரு முறையும் ஒரே விடை. அதன் கீழே ஒவ்வொரு முறையும் சிவப்பில் ஒரு கேள்விக்குறி.

"மன்னிச்சிக்கிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல சார்" என்றேன்.

"கேக்காதிய. கேட்டா சரின்னு சொல்லிருவேன், எனக்கு இன்னும் சரியாகல." பிறகு கூண்டைக் காட்டி, "எப்ப முடியுது அது?" என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம். ஞாயித்துக்கிழமை காலையில வந்து பாப்போம்."

"நானும் வாரேன். படத்தை நான்தான் பாக்கணும்."

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அதிரசப் பாகை இவர் தலையில் கட்டிவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். அருமைராஜ் சார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், வெள்ளைச் சட்டை கசங்காமல்.

பொட்டலத்தில் பொட்டாசியம், மேடு மேடாக. சீசியம் பதினான்கு மில்லி பெக்கரல். ஒரு மனிதனுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் இருபது லிட்டர் கடல்நீரின் கணக்கில் சேர்ந்தால் லிட்டருக்கு 0.7 கூடும். அப்படியானால் உண்மை எண் 2.0 ஆக இருக்க வேண்டும்.

முதல் டப்பியை மறுபடி உள்ளே வைத்தோம், இந்த முறை வேறு எதுவும் இல்லாமல். வைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கேட்காமலேயே காட்டியது எனக்கே நன்றாக இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

முதல் டப்பி 2.02. இரண்டாவது 1.97.

கணித்தபடியே! என் பிழையைக்கூட நான் கடைசித் தசமம் வரை சரியாகத்தான் அளந்திருக்கிறேன். இதை அருமைராஜ் சாரிடம் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க கோயில்லயும் வருசத்துக்கு ஒரு நா நெத்தியில சாம்பல் பூசுவாவ மேடம். அதை அளந்து பாக்கணும்னு எனக்கும் ஒரு நாளும் தோணல" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

சாருமதி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னோம். திருத்தப் படிவத்தை அவரே எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"காரணம்னு ஒரு வரிதான் கேக்குறாங்க. 'பின்னணி மாறுபாடு'ன்னு போட்டாப் போதும். எல்லா லேபும் அதைத்தான் போடும். பழைய விஷயத்தை எதுக்கு இழுக்கணும்? அந்த ஃபைலை மூடி மூணு வருஷமாச்சு."

"திறங்க மேடம்" என்றேன்.

"உலகம்மா, விதி தெரியுமில்ல? பேர் போட்டா நீங்க ஒரு வருஷம் எந்த ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போட முடியாது. இத்தனை வருஷ சர்வீஸுக்கு அது ஒரு கரும்புள்ளி."

"பின்னணி மாறுபாடுன்னு எழுதினா அது யாரு வேணாலும் இருக்கலாம் மேடம். மறுபடி இவரைத்தான் பாப்பாங்க."

படிவத்தை வாங்கி நானே எழுதினேன். கருவிக்கு அடியில் சாம்பல் பொட்டலம். வைத்தவர் உலகம்மை, முதுநிலை வேதியியலர். மூன்று ஆண்டுக்கு முந்தைய தேர்விலும் இதுவே காரணம். அன்றைய கணக்கில் பிழை இல்லை. பொட்டலத்தை அளந்த படத்தையும் இணைத்தேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. இதுவரை எழுதிய அறிக்கைகளில் இதுதான் சுத்தமானது.

நவம்பர் 3, திங்கள்

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காய்கறிக் கடையில்கூட ஒருவர் கேட்டார், "கரண்டு மிஷினுக்குள்ள துந்நூறு வச்சியளாமே?" ஆமாம் என்றேன். கத்திரிக்காய் நன்றாக இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

முடிவு வந்தது. தொட்டியில் இருந்தது 1.98. நாம் சொன்னது 2.0. தேர்ச்சி!

முப்பத்தொன்றில் ஒன்பது ஆய்வகம் தேறவில்லை. இணைப்பில் இன்னொரு கடிதம்: எங்கள் திருத்தப் படிவத்தைப் பெயரை எடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். பெயரோடேயே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன்.

அருமைராஜ் சாரின் பழைய ஃபைலில் இருந்த குறிப்பை நீக்கி உத்தரவு வந்துவிட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல காட்டணும்" என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

டிசம்பர் 8, திங்கள்

காலையில் படகில் போய் நம் கடலில் நாமே தண்ணீர் எடுத்தோம். நானும் அருமைராஜ் சாரும் ஆளுக்கொரு கேன். அலை தூக்கிப் போட்டதில் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. கரைக்கு வந்ததும் படகுக்காரர் கேனை ரயிலடிக்குக் கொண்டுபோகவா என்று பழக்கத்தில் கேட்டார்.

"வேண்டாம்யா. மேல கொண்டு போங்க, மாடிக்கு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 18, வியாழன்

அறிக்கை தயார். ஒரு பக்கம்தான். ஆழிக்குடிக் கடல்நீர், சீசியம், லிட்டருக்கு 0.9 மில்லி பெக்கரல். பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு அணு. இருக்க வேண்டியபடி இருக்கிறது நம் கடல்.

அருமைராஜ் சார் கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிப் பேனாவையும் நீட்டினார். "பிரிச்செடுத்தது நீங்க மேடம். ஓரத்துல சின்னதா ஒரு இனிஷியலாவது போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"நமக்குத் தெரியும்லா சார்" என்று பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

காகிதத்தை அவர் எடுத்துக்கொண்டு போகுமுன் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். அளந்தவர்: அருமைராஜ். அதற்கு மேல் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. மூன்று வருடத்துக்குப் பிறகு நம் கடலுக்கு நம் ஆள் போட்ட கையெழுத்து. வீட்டுக்கு வந்து இவரிடம் அந்தக் கோட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னேன், பரிசு வாங்கி வந்தவளைப் போல.